நோன்பு மாதத்தில் வலி இல்லை

கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றத்தான் சுலைஹா தயங்கினாள். தோடு, வளையல், கொண்டை ஊசி எல்லாம் ஏற்கெனவே கணவன் கவுஸின் கைக்குட்டைக்குள் வந்துவிட்டன. எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது என்று டெக்னீஷியன் இந்தியில் மறுபடியும் சொன்னபின், முக்காட்டுக்குள்ளேயே கொக்கியை அவிழ்த்து நீட்டினாள்.

"கடைச் சாமான்னு நெனச்சி எடை போட்ராதிய மச்சான்."

பிழைக்க வந்த கசார்வாடியில் அவனுக்குப் பழைய இரும்புக் கடை. எப்போதும் சிரிப்பவன், அன்று சிரிக்கவில்லை. சற்றுமுன் டாக்டர் ராஜஸ்ரீ, மாதாமாதம் வலித்ததா என்று கேட்டதற்கு அவள் ஆமாம் என்று தலையசைத்திருந்தாள்.

"நோன்பு மாசத்துல இல்லன்னு அன்னிக்கு நீதான சொன்ன?"

"மாமா பக்கத்துல நின்னாவல்லா."

பல வருடங்களுக்கு முன் சொந்த ஊரில் தெரு டாக்டரும் இதையேதான் கேட்டார். அவர்கள் வீட்டில் நோன்பு கடமையில்லாத மாதவிலக்கு நாளிலும் பெண்கள் விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, பகலெல்லாம் வாய் கட்டி நடமாடுவார்கள். யாருக்கு நோன்பு இல்லை என்பது ஆண்களுக்குத் தெரியக்கூடாது. மாமனாரை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்? நோன்பு மாதத்தில் வலி இல்லை என்றாள். ஒரு மாதம் விடுப்பு எடுக்கிற வலி கர்ப்பப்பை வலியாக இருக்காது என்று டாக்டர் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து எழுதினார். சாதாரண ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றாள் மாமியார்.

உள்ளே இயந்திரம் தகரத்தை அடிப்பதுபோல் அடித்து ஓய்ந்தது. டெக்னீஷியன் வெளியே வந்தான். "உங்கள் வீட்டம்மாபோல அசையாமல் படுத்தவர்களை நான் பார்த்ததில்லை," என்றான் இந்தியில். பின்னாளில் அவள் இறந்துபோன பிறகும் கவுஸின் காதில் தங்கிவிட்டது அந்தப் பாராட்டுதான்.

மாலையில் ராஜஸ்ரீ படத்தை விளக்குப் பலகையில் செருகினாள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியே குடல்வரை படர்ந்து, மாதாமாதம் கசிந்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது. குடலையும் வெட்ட வேண்டியிருக்கும். குழந்தையை எதிர்பார்க்க வேண்டாம். பிழைப்பதற்கும் உறுதி சொல்வதற்கில்லை. "முன்னாடியே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

சுலைஹா சாம்பல் நிறப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா மச்சான்?"

"தெரியுது."

"மாமிட்டச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் அவள் பின்னால் உட்கார்ந்து கருகமணியைக் கட்டினான். கொக்கி வளையத்தில் விழவில்லை. நகம் அவள் பிடரியில் கீறியது. அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள், கொஞ்சமும் அசையாமல்.