குழந்தைப் பள்ளம் விழுந்த நாற்காலி

1966-ல் கரமனை அக்ரஹாரத்தில் செய்து முடித்த ஒரு நாற்காலியில், யாரும் உட்காருவதற்கு முன்பே, ஒரு கைக்குழந்தை உட்கார்ந்த பள்ளம் இருந்தது. அதை வரைந்தவர் ஸ்ரீகண்டன், மராமத்து ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். மூலை என்பதே இல்லாமல் முதுகும் கைகளும் இருக்கையும் ஒரே வளைவாக ஓடி மூன்று கால்களில் நிற்கவேண்டும் என்பது அவர் திட்டம். மனைவி லலிதாம்பாளை ஈரக் களிமண்ணில் உட்காரவைத்து, அந்தப் பதிவிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்தார். மார்த்தாண்டத்துத் தச்சர் நேசையன், காகிதம்போல் சீவிய தேக்குத் தகடுகளை ஒன்பது அடுக்காகப் பசை போட்டு அச்சின்மேல் வளைத்து, கிளாம்பு போட்டு இறுக்கினார். பன்னிரண்டாம் நாள் கழற்றிப் பார்த்தால், லலிதாம்பாளின் வளைவுக்கு நடுவே அந்தச் சின்னப் பள்ளம். தொட்டால் சூடாக இருந்தது.

"இது எனக்க கை போட்ட பள்ளம் இல்ல, சாமி" என்றார் நேசையன். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தார். மறுநாள் காலை அடைத்ததெல்லாம் தரையில் உதிர்ந்து கிடந்தது.

அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. பள்ளம் மட்டும் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டு வந்தது. 1968-ல் நாற்காலியின் கைகளில் விரல் தடம் விழுந்தது. 1970-ல் முன்விளிம்பில் குதிகால் உதைத்த தேய்வு. பெருக்க வந்த பொன்னம்மை கூடத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வேலைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். லலிதாம்பாள் சுவரோடு ஒட்டித்தான் அதைக் கடப்பாள், ஒருநாளும் அதற்கு முதுகு காட்டமாட்டாள். 1972-ல் ஸ்ரீகண்டன் நேசையனை மறுபடி வரவழைத்து அறுத்துப் போடச் சொன்னார். ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்ததுமே நாற்காலி, குளிர்ஜுரம் வந்த உடம்பு மாதிரி நடுங்கியது.

"பயந்து கிடக்கு சாமி, நம்மளக் கண்டு" என்று சொல்லிவிட்டு நேசையன் பஸ் ஏறிவிட்டார்.

1974 கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், மூன்று நாள் விடாமல் மழை பெய்தபின், ஒரு மத்தியானம் பள்ளத்தைக் காணவில்லை. இருக்கை, ஸ்ரீகண்டன் வரைந்திருந்தபடியே வழவழவென்று இருந்தது. லலிதாம்பாள் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. எட்டு வருஷமாக அதைக் கண்டு நடுங்கியவள் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினாள். எதிர்வீட்டுப் பிச்சம்மாள், "யாரைடீ தேடறே?" என்று கேட்டதற்கு, "எட்டு வயசு" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. கரமனையாறு படிக்கட்டை மூடிச் செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. சேதி கேட்டு ஆபீசிலிருந்து ஓடிவந்த ஸ்ரீகண்டனும் அவளோடு சேர்ந்துகொண்டார். கூப்பிட ஒரு பெயர் இல்லாததால் இருவரும் கரை நெடுக "வந்துடு, வந்துடு" என்றே கத்தினார்கள். பிச்சம்மாளும் கத்தினாள்.

நாலரை மணிக்கு வீடு திரும்பியபோது வாசலிலிருந்து கூடம்வரை ஈரம் சொட்டியிருந்தது. நாற்காலியில் பள்ளம் இருந்தது, அதில் செம்மண் தண்ணீர் தேங்கியிருந்தது. லலிதாம்பாள் கிட்டப் போய், தொண்டை கட்டிய குரலில், "சொல்லிட்டுப் போகப்படாதோ?" என்று அதட்டினாள். பிறகு துண்டை எடுத்து, முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்கி, அழுத்தித் துடைத்தாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிச்சம்மாள், "நன்னா நனைஞ்சிருக்கு. மிளகு ரசம் வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.