கடலுக்கும் ஒரு நகல்

விசாரணை அதிகாரியும் அவருடைய டைப்பிஸ்ட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு, மாடி அறையில் உட்கார்ந்தபடியே கடலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்கள். மேசை, இரண்டு நாற்காலி, டைப்ரைட்டர் எல்லாம் கூடவே போயின. அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் விரற்கடை உயரத்துக்கு உப்புத் தண்ணீர் நின்றது. அலுவலகம் அதைக் குழாய்க் கசிவு என்று எழுதி, ஒரு பிளம்பரை வரவழைத்தது. அந்த அறையில் குழாயே இல்லை என்றார் பிளம்பர். உடனே வேறு பிளம்பரை வரவழைத்தார்கள்.

விசாரணை, கரைக் குடியிருப்பைப் பற்றியது. துறைமுகத் துறைக்குக் கன்டெய்னர் அடுக்க இடம் வேண்டியிருந்தது. நூற்றிருபது வீடுகளும் ஓர் ஐஸ் கம்பெனியும் குறுக்கே நின்றன. துறைமுகம் வந்த பிறகு பிழைக்க வந்த கூட்டம் இது என்பது துறையின் கட்சி. நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை, கடல்தான் வந்தது என்பது குடியிருப்பின் கட்சி. அவர்களிடம் காகிதம் கிடையாது, நடை இருந்தது. நடை என்பது இடப்பெயர்களின் வரிசை. இன்றைய கரையில் தொடங்கி, கடல் ஏறுவதற்கு முன் கரை எங்கே இருந்ததோ அதுவரை நடந்து போகிறவன் கண்ணில் படுவதெல்லாம் ஒழுங்காக வரும்: ஆமை மணல், இரட்டைப் பாறை, மூடிக்கல் ஊற்று என்று. போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். திரும்புகிற பாதியில், எந்த இடத்தை யாருடைய காலத்தில் தண்ணீர் எடுத்தது, அப்போது யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது வரும். நடுவில் நிறுத்தக் கூடாது. கேட்க வருகிறவர்கள் சாப்பிட்டு, ஒன்றுக்கும் போய்விட்டு வந்துதான் உட்காருவார்கள். முன்பு ஒரு பேராசிரியர் ஆறு மணி நேரமும் கேட்டுப் பதிவு செய்து, வளமான கற்பனை என்று கட்டுரை எழுதினார். பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வுக் கப்பல், நடை சொன்ன இடத்திலேயே இரட்டைப் பாறையைக் கண்டுபிடித்தது. பாறைக்குக் கப்பல் தலைவரின் பெயரை வைத்தார்கள்.

நடையை முழுதாகச் சொல்லத் தெரிந்தவள் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிறவள். எல்லோருக்கும் ஐஸக்கா. படகு மெக்கானிக்கான தன் தம்பியோடு அவள் விசாரணைக்கு வந்தாள். அதிகாரி பத்து மணி காட்டிய கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முக்கியமானதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றார்.

"எல்லாமே வழிதான் சார். எதை விட்டுட்டு நடக்கச் சொல்றீங்க?"

சரி, ஒரு மணி வரைக்கும் என்றார். ஒரு மணிக்கு எல்லோரும் கடைசி எல்லையில் நிற்போம், அங்கே நிறுத்தினால் கேட்டவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளை விதியில் இருப்பதாக அதிகாரி சொன்னார். ஒரு மணிக்கு மேசை மணியைத் தட்டினார். கேட்டவர்களில், திரும்புகிற பாதியையும் முன்பே பல முறை கேட்டிருந்த தம்பி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

ஒரு வாரத்தில், சங்கு எடுக்க மூழ்கியவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். பதினாறு ஆள் ஆழத்தில், பழைய கரையில், மேசை போட்டு உட்கார்ந்திருந்தாராம். முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அலுவல் பார்த்தார். வலையில் மீனோடு கோப்புகளும் ஏறின. முத்திரை கலையவில்லை. தலைமையகம் அவர் முகாமில் இருப்பதாகப் பதிவு செய்தது. அவர் மனைவி ஐஸக்காவைப் பார்க்க வந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுலயும் இதே கதைதாம்மா. எதையும் பாதி கேட்டுட்டு எந்திரிச்சிடுவாரு. அவசரமில்ல, முடியுறப்ப கூட்டிட்டு வாங்க."

கூட்டி வருவதற்கு வழி இருந்தது. கடலைப் பார்த்து நின்று மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தம்பி குறுக்கே நின்றான். அதிகாரி இல்லாமல் தீர்ப்பு இல்லை, தீர்ப்பு இல்லாமல் புல்டோசர் இல்லை. "அந்தாளு கீழ இருக்கிறவரைக்கும்தான்க்கா நமக்குக் கூரை" என்றான். குடியிருப்பு முழுக்க அவன் பக்கம். வேறு அதிகாரியை நியமிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் பழையவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. மூன்று வருடம் இப்படியே ஓடியது. அந்த மூன்று வருடத்தில் இருபது வீடுகளுக்குப் புதுக் கூரை வந்தது. ஐஸக்காவுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாத பாதி தொண்டையிலேயே நின்றது. பாளம் தப்புத் தப்பாக உடைந்தது.

நான்காம் வருடத் தொடக்கத்தில், நகலுக்கு வைக்கும் கார்பன் தாள் ஒன்று வலையில் ஏறியது. அதில் டைப்பிஸ்ட் தனக்காக ஒரே வரி அடித்திருந்தாள்: என் மகளுக்கு இப்போது என் முகம் நினைவிருக்குமா? ஐஸக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். தம்பி வழியை மறித்தபோது, "கூட்டிட்டுப் போனவ கூட்டிட்டு வரணும்டா. நடைய வச்சு ஆள் புடிக்கிறதுக்கு நாம என்ன போலீஸா?" என்று அவனை ஒதுக்கிவிட்டுப் போய், அலைத் தடுப்புச் சுவரில் நின்று மூன்று மணி நேரம் சொன்னாள். அதிகாரி முன்னாலும் டைப்பிஸ்ட் பின்னாலுமாக, படகு இறக்கும் சரிவில் ஏறி வந்தார்கள். காலணிகளில் சிப்பி பிடித்திருந்தது. டைப்பிஸ்ட்டின் மகள் முதல் நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள், இரண்டாம் நாள் மடியை விட்டு இறங்க மறுத்தாள்.

அதிகாரி நேர்மையான மனிதர், அதுதான் வினையானது. அந்த நிலம் உண்மை, மூன்று வருடம் நானே குடியிருந்தேன், ஊற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். துறையின் வக்கீல்கள் துள்ளிக் குதித்தார்கள். இவர்களின் பூர்வீகம் கடலடியில் இருப்பது நிரூபணமாகிவிட்டது. ஆகவே இவர்களுக்கு அங்கேயே பட்டா, இந்தக் கரையை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. நூற்றிருபது வீட்டுக்கும் நூற்றிருபது பட்டா. தம்பி அக்காவோடு பேச்சை நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரி, புதுக் கூரையைப் பிரித்து ஓடுகளை ஐஸக்காவின் வாசலில் அடுக்கிவிட்டுப் போனாள்.

ஆணைப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம், மேற்படி பட்டா நிலத்தைத் தற்போது அனுபவித்து வருபவர்; அவரும் அதே முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். யாரும் அதை நிரப்புவதில்லை. மூன்று வருடமும் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்று கண்ணால் பார்த்த அதிகாரி, "கடல்" என்று நிரப்பி, விதிப்படி அதற்கும் ஒரு நகல் போட்டார். பியூன் அதைக் கொண்டுபோய்க் கப்பல் மேடைத் தூணில் ஒட்டினான். பல்லாயிரம் வருடமாக எத்தனையோ பேர் அழுதும் திட்டியும் அசையாத கடலுக்கு, இதுவரை யாரும் முறைப்படி எழுதிக் கேட்டதில்லை. இருபத்தொன்பதாம் நாள் வரை அது பேசாமல் இருந்தது. முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, அலுவலகம் திறந்ததும், காலி செய்துகொண்டு போயிற்று. கப்பல்கள் சேற்றில் சாய்ந்து படுத்தன. தண்ணீர் இல்லாத துறைமுகத்தில் கன்டெய்னரை அடுக்கி என்ன செய்வது? மாலைக்குள் துறை தன் ஆணையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து ஓடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

மறுநாள் குடியிருப்பு மொத்தமும் நடந்தது. முதல் மைல் முடிவதற்குள் தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது. பெயர்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. மூடிக்கல்லை நகர்த்தி எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். ஐஸக்கா குனிந்து குடித்துவிட்டு வெகுநேரம் நிமிரவே இல்லை. கடைசி எல்லையில் நடை சொல்லாத ஒரு பொருள் நின்றது: அதிகாரியின் மேசை. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கேயே வாக்குவாதம் நடந்தது. கண்ணால் பார்த்ததை விட முடியாது என்று ஐஸக்கா முடித்துவிட்டாள். செய்தி கேட்டு அதிகாரி நேரில் வந்தார். சேர்ப்பதானால் தன் முழுப் பதவிப் பெயரோடு, பொறுப்பு என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"அத்தனையும் சொன்னா அங்கேயே மூச்சு வாங்கிடும் சார். அப்புறம் திரும்பி யாரு நடக்கிறது?"

நடையில் இப்போது கடைசி இடத்தின் பெயர் மேசை. அதைத் தொட்டுவிட்டுத்தான் எல்லோரும் திரும்புகிறார்கள்.