சேரும் என்றார்

டேப் ரிக்கார்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எலிமினேட்டர் கருகுவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் தன் மகளின் குரலை இதுவரை கேட்டதில்லை. அவர் போன பிறகு பிறந்தவள். இப்போதுதான் ‘அப்பா’ என்று சொல்லக் கற்றிருக்கிறாள். அதைக் கேசட்டில் பிடித்து ஞானமுத்துவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அவர் அன்று சாயங்காலம் அரியலூரில் ரயில் ஏறுகிறார். அவரை விட்டால் மஸ்கட் போகிற ஆள் அப்புறம் எப்போது கிடைப்பாரோ.

எங்கள் டேப் ரிக்கார்டரில் பேட்டரி போடுகிற இடம் துருப்பிடித்துப்போய் வெகு காலம் ஆகிறது. அதனால் கருகின எலிமினேட்டரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஏலாக்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் அரியலூருக்கு ஓடினேன். ரேடியோ கடை கிருஷ்ணமூர்த்தி அதன் ஒயர் நுனியிலிருந்த பின்னைப் பார்த்தார். ஷோகேஸிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

“அண்ணே, எங்க செட்டுக்கு இது சேருமா?”

“நல்லா சேரும்மா.”

மோர் உடம்புக்குச் சேருமா என்று கேட்போமே, அந்த அர்த்தத்தில் நான் கேட்டேன். அந்த மனுஷன் ஓட்டைக்குள் பின் சேருமா என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கியதும் நாற்றம், அப்புறம் புகை. பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். செட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆறு வோல்ட் என்று போட்டிருக்கிறது. அவர் கொடுத்ததோ ஒன்பது.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஞானமுத்துவை ரேடியோ கடைக்கே வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, செட்டையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன்.

“சேரும்னுதான சொன்னேன். சேர்ந்துச்சா இல்லியா?” என்கிறார் கிருஷ்ணமூர்த்தி.

“என் வாயில நல்லா வந்துரும்ணே. எத்தனை வோல்ட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீயும் செட்டை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல.”

அதுவும் நியாயம்தான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் எதற்காக இத்தனை அவசரம் என்று சொன்னதும் அவரே கடையின் செட்டை எடுத்து வைத்து, என் கேசட்டைப் போட்டு, மைக்கைப் பிடித்தார்.

“அப்பா சொல்லு சாமி, அப்பா சொல்லு” என்று கெஞ்சினேன். வீட்டில் நாள் பூராவும் கத்துகிறவள் இங்கே வாயைத் திறப்பேனா என்கிறாள். ஞானமுத்து பெட்டியோடு வந்து நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது.

கிருஷ்ணமூர்த்தி அவள் உயரத்துக்குக் குனிந்து கண்ணைச் சிமிட்டினார். அவள் சிரித்தாள். அவர் மீசையைத் தொட்டு, கணீரென்று, “அப்பா” என்றாள்.

அவர் பதறிப்போய் செட்டை நிறுத்தினார்.

“நான் மாமால்ல கண்ணு... அழிச்சிட்டு இன்னொரு தடவை எடுத்துருவமாம்மா?”

“வேணாம்ணே, இருக்கட்டும்.”

கேசட்டை உருவி ஞானமுத்துவின் கையில் கொடுத்தேன். மஸ்கட்டில் அவள் அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பது கேசட்டில் தெரியாது.