பாயை விட்டு எழாதவர்

மசாக்கா பக்கம் பெண் கேட்கப் போனால், மாப்பிள்ளை வீட்டுக்காக வாயாட லுபோவாவை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் பேச்சாளர் பாயை விட்டு எழுந்தால் பேச்சு முறிந்தது என்று பொருள். ஒரு பந்தலில் அவர் மூன்று முறை எழுந்தார். பெண்ணின் மாமன்மார், மாப்பிள்ளை வீட்டார் சீராகக் கொண்டுவந்த வாழைக்குலைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றவே ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், மனிதர் கோபித்துக்கொண்டு எழவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுக்காகக் குழாய் வழியே உள்ளே விட்ட மருந்து, நெருப்பாக எரிந்து அரை மணிக்கொரு தரம் அவரைக் கொல்லைக்கு விரட்டியது.

அத்தனையும் தாங்கிய பிறகும் புற்று திரும்பி வந்துவிட்டது.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் டாக்டர் நமுக்வாயா. "வேற மருந்தை உள்ள விட்டுப் பாக்கலாம். எரிச்சல் இருக்கும், புற்று மறுபடி வரலாம், தசைக்குள்ள இறங்கிட்டா ஆபத்து. இல்லன்னா சிறுநீர்ப்பையையே எடுத்துடலாம். நான் அதைத்தான் சொல்வேன். வயித்துல துளை போட்டு வெளியில ஒரு பை ஒட்டிடுவோம். படுக்கை சமாச்சாரம் பழையபடி இருக்காது."

லுபோவா பதறினார். "மூத்திரத்தைத் தொங்கவிட்டுட்டு வர்றவன எவன் சபைக்குக் கூப்பிடுவான்?"

"கான்ஸு எதுக்கு இருக்கு?" என்றாள் மனைவி நகிவாலா. "கணுக்கால் வரைக்கும் தொங்குற அந்த அங்கிக்குள்ள ஒரு ஆட்டையே ஒளிச்சு வைக்கலாம். படுக்கையைப் பத்தி நானே கவலைப்படல. எனக்கு ஆள் வேணும்." அவர் கையில் பேனாவைத் திணித்தாள். அவர் அறுவைக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் கழித்து இன்னொரு பந்தலில் எதிரே உட்கார்ந்தவர் முத்யாபா, பெண் வீட்டுப் பேச்சாளர், இழுத்தடிப்பதில் எமகாதகர். பேச்சு நான்கு மணி நேரம் நீண்டது. லுபோவா அசையவில்லை. கான்ஸுக்குள், வயிற்றில் ஒட்டிய பையிலிருந்து காலில் கட்டிய பெரிய பைக்கு எல்லாம் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. முத்யாபாதான் எழுந்தார். மூன்று முறை.

"பொண்ணு வீட்டுக்கே சம்மதம் இல்லையோ?" என்று லுபோவா கேட்கப் பந்தலே சிரித்தது. வெட்கிப்போன பெண்ணின் மாமன்மார் சட்டென்று சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் முத்யாபா ஓரமாக வந்து, "எப்படிய்யா அசையாம உக்காந்தே?" என்றார். லுபோவா பெருமையோடு அவர் கையைப் பிடித்துப் பையின் மேல் வைத்து, விஷயத்தைச் சொன்னார். திடுக்கிட்டாலும் முத்யாபா கையை எடுக்கவில்லை.

"எனக்கும் மூத்திரம் ரத்தமாப் போகுது. எட்டு மாசமா. வீட்டுல கூடச் சொல்லல."

லுபோவாவுக்கு ஜெயித்த களிப்பெல்லாம் போய்விட்டது. "முதல்ல சாப்பிடு," என்றார். "காலையில உன் வாசல்ல வந்து உக்காருவேன். நீ டாக்டர்கிட்டக் கிளம்புற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். என்னைத் தெரியும்ல?"