மூன்றாம் அங்கம்

சாப்பாட்டு மேசை முழுவதையும் விழா மலரின் அச்சுப் பக்கங்கள் பிடித்துக்கொண்டதால், அன்று கணவனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நாடக வளாகம் திறந்த நாளிலிருந்து அதன் மூன்று அரங்குகளிலும் மேடையேறிய நாடகங்களின் வரலாறு மொத்தமும் அந்தப் பக்கங்களில் இருந்தது. பெரிய அரங்கம், சின்ன அரங்கம், மழைக்கு ஒழுகிய காரணத்தால் ‘பரிசோதனை அரங்கம்’ என்று பெயர் சூட்டப்பட்ட மூன்றாவது அரங்கம். முகப்பில் வளாகத் தலைவரின் படம். கன்னத்தில் கைவைத்துத் தொலைவில் எதையோ தரிசித்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்க வைப்பதற்காகப் புகைப்படக்காரர் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது, கூட நின்ற மனைவிக்கு மட்டும் தெரியும்.

அவள் இடது கையால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். நன்றிப் பக்கத்தில் தான் இருப்பதைக் கண்டாள். ‘நுழைவுச்சீட்டு விற்பனை: தலைவரின் துணைவியார்.’ அதற்கு மேலே மின்பணியாளர், கீழே வாகன நிறுத்துமிடம். பிறகு ‘சாவி யாரிடம்?’ நாடகத்துக்குத் திரும்பினாள். மற்ற நாடகங்களுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தவர்கள் இதற்கு ஓர் இயலையே எழுதி வைத்திருந்தார்கள். அண்ணன், தம்பி, வக்கீல், பக்கத்து வீட்டுக்காரர் என்று நடித்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

“என்னங்க, இதுல அம்மா வேஷத்தைக் காணோமே?”

“எந்த அம்மா?”

“நான்தாங்க.”

தலைவர் கவளத்தைத் தட்டிலேயே விட்டார். “மேடைக்கு வந்தவங்க பேரை மட்டும்தாம்மா போட்டிருக்கு. அது வளாகத்தோட விதி.”

“விதியை யாரு போட்டது?”

“நான்தான். யாரு போட்டா என்ன, விதி விதிதானே?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

நாடகத்தில் இரண்டு சகோதரர்கள் வீட்டுச் சாவிக்காக இரண்டு அங்கம் முழுக்க அடித்துக்கொள்வார்கள். மூன்றாம் அங்கத்தில்தான், வெளியூர் போயிருந்த தாய் வருவாள். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அதன்பிறகு அவள் பிள்ளைகளோடு பேசுவதுதான் நாடகம். அதுவரை வந்ததெல்லாம் சண்டை. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்காகவே எழுதியது. சமையலறையில், மொட்டை மாடியில், பஸ் நிறுத்தத்தில் என்று மாதக்கணக்கில் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்துச் சமாதானம் செய்து வைத்ததும் உண்டு.

முதல் காட்சியன்று, தலையில் வெள்ளைப் பவுடரும் முகத்தில் பென்சில் சுருக்கமுமாக அவள் ஒப்பனை அறையில் காத்திருந்தாள். அந்த வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கங்களுக்கு நடுவே திரையைச் சட்டென்று இறக்குவார்கள்; நாடகம் முடிந்தால் மட்டும் மெல்ல மெல்ல இறக்குவார்கள். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் தம்பி “சாவி யாரிடம்?” என்று கத்தினான். அண்ணனாக நடித்தவருக்குப் பதில் வசனம் மறந்துவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அத்தனை கனமான மௌனத்தை அதுவரை கேட்டிராத திரைக்காரர், நாடகம் முடிந்துவிட்டதென்று நெகிழ்ந்துபோய்த் திரையை மெல்ல இறக்கினார். மெல்ல இறங்கும் திரையைப் பார்த்த விளக்குக்காரர் அரங்க விளக்குகளைப் போட்டார். விளக்கைப் பார்த்த ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் ஒப்பனை அறையிலிருந்து ஓடி வந்தபோது பார்வையாளர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பத்திரிகை எழுதியது: ‘விடையே இல்லாத முடிவு. துணிச்சலான மேதை.’ அவர் அதை ஒருமுறை படித்தார். பிறகு சத்தமாக ஒருமுறை படித்தார். அடுத்த காட்சியிலிருந்து மூன்றாம் அங்கம் கிடையாது. “உனக்குன்னே வேற ஒண்ணு எழுதறேன், பாரு” என்றார். எழுதுவதாகத்தான் இருந்தார். இடையில் குழந்தை பிறந்தது, அவருக்குப் பதவிகள் வந்தன, டிக்கெட் கவுண்டரில் ஆள் இல்லை என்றார்கள்.

மடியில் தட்டோடு சாப்பிட்டதற்கு மறுநாள் காலை, திருத்தங்களை வாங்கிப்போக மலரின் தொகுப்பாசிரியை வந்தாள். அந்த நாடகத்தில் பேச்சில் மட்டும் அடிபட்டு, மேடைக்கு வராத தாயைப் பற்றித்தான் அவள் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாள்.

“அந்தத் தாயை வரவிடாமப் பண்ணினாரே சார், அதுதான் மேடம் புரட்சி!”

“அவ வந்தாம்மா. வேஷம் கட்டிக்கிட்டு உள்ளதான் உக்காந்திருந்தா. யாரும் கூப்பிடலை.”

தொகுப்பாசிரியை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “எவ்ளோ அழகா சொல்றீங்க! எப்பேர்ப்பட்ட உருவகம்!”

தொகுப்பாசிரியை போனபிறகு, தலைவர் வராந்தாவில் விழா உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மனைவி எதிரில் போய் நின்றாள்.

“விழாவுல அந்த நாடகத்தைத்தானே மறுபடி போடறீங்க? மூணாவது அங்கத்தையும் சேத்துப் போட்டா என்ன? எனக்கு ஒரு வரிகூட மறக்கலை. இப்ப பவுடர் செலவுகூட இல்லை.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. காகிதத்தை மடித்தார். மேடையில் பேசும் குரல் எங்கோ போய், அவளோடு பஸ் நிறுத்தத்தில் நின்ற காலத்துக் குரல் வந்தது.

“சேத்துட்டா, இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் என்னம்மா ஆகும்? அதைத் தவிர என்கிட்ட வேற என்ன இருக்கு?”

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பாவமாக இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை. இந்த மனிதரின் பெயர், நாற்காலி, முகப்புப் படம் எல்லாமே, தான் அன்றைக்கு நடக்காமல்போன அந்தச் சில அடி மேடையின்மீது கட்டப்பட்டவை. அதைப் பெயர்த்தால் அவர் எங்கே நிற்பார்? பெயர்க்காவிட்டால் தான் எங்கே நிற்பது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

விழாவன்று பெரிய அரங்கம் நிரம்பி வழிந்தது. சிறப்பு விருந்தினர் மலரை வெளியிட்டு, தான் ஒரு நாடக வெறியர் என்றும் பணிச்சுமையால் நாடகம் எதையும் பார்க்க முடிந்ததில்லை என்றும் பேசினார். தலைவர் மௌனத்தின் மேன்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு நாடகம் தொடங்கியது. புதுப் பையன்கள் நன்றாகவே நடித்தார்கள். முன்வரிசையில் கணவருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அவளுடைய உதடுகள், இரண்டாம் அங்கம் முடிய முடிய, தானாக அசையத் தொடங்கின. ஒத்திகை நாட்களில், உள்ளே போகும் முன் அப்படித்தான் அசையும்.

“சாவி யாரிடம்?”

அந்தப் புகழ்பெற்ற மௌனம். திரை மெல்ல மெல்ல இறங்கியது. விளக்குகள் எரிந்தன. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அவள் எழவில்லை.

“எந்திரிம்மா,” என்றார் தலைவர், கைதட்டியபடியே, உதடு அசையாமல். “எல்லாரும் பாக்கறாங்க.”

“நாடகம் முடியலீங்க.”

“என்ன பேசற நீ? வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“நான் எதுவும் பேசலீங்க. உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்.”

தலைவரின் மனைவியே உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் நிற்பது முறையல்ல என்று சிறப்பு விருந்தினர் அவசரமாக உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து அவருடைய உதவியாளர்கள் உட்கார்ந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தங்களுக்குத் தெரியாத நவீனம் ஏதோ இருக்கிறதென்று நினைத்து உட்கார்ந்தார்கள். தொகுப்பாசிரியை பேனாவை எடுத்தாள். கைதட்டல் அங்கங்கே ஓய்ந்து, கடைசியில் மாடியில் யாரோ ஒருவர் மட்டும் தட்டி, அவரும் வெட்கப்பட்டு நிறுத்தினார்.

தலைவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தட்டிய கைகள் இன்னும் பிரியாமல் நெஞ்சருகே இருந்தன. அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

முழு வெளிச்சத்தில், நிரம்பிய அரங்கம் மூடிய திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையின் அடியில், தரைக்கும் துணிக்கும் இடையே இருந்த சாண் அளவு இடைவெளியில் நடிகர்களின் பாதங்கள் தெரிந்தன. ஒப்பனை அறைப் பக்கம் திரும்பிவிட்டிருந்த அந்தப் பாதங்கள், ஒவ்வொரு ஜோடியாக, நின்றன.