துவைக்காத ஜெர்சி

தட்டுத்தடுமாறி பிளேஆஃப் நாக்அவுட் சுற்றுக்குள் வந்த கடைசி அணியிடம், பஃபலோ கால்பந்து அணி சொந்த மைதானத்திலேயே தோற்றது. டேரல் டிவியை அணைத்துவிட்டு, போட்டிருந்த ஜெர்சியை முகர்ந்தான். அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை அதைத் துவைக்கக்கூடாது என்பது அவன் வைத்த சட்டம். சீசன் தொடங்கிய செப்டம்பர் மாதத்து வியர்வை நாற வேண்டிய இடத்தில் சோப்பு மணத்தது.

மனைவி சோபாவில் கோழி எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நோரீன், இதைத் துவைச்சியா?"

"ஆமா."

"அதான பார்த்தேன்! எவன்கிட்ட தோத்தோம் பாரு. குடியைக் கெடுத்துட்டியேடி!"

"போன வருஷமும் என்னைத்தான் சொன்ன. இன்னொரு தடவை பழியை என் தலையில கட்டினா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"எப்போ துவைச்ச?"

"வாராவாரம் திங்கக்கிழமை. நாத்தத்துல மனுஷி இருக்க முடியுமா? ஜெயிச்ச மேட்ச் எல்லாம் துவைச்ச சட்டையிலதான்யா ஜெயிச்சீங்க."

அவள் சொன்னது சரிதான். ஒரு மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும். டேரல் ஜெர்சியை மறுபடி மூக்கருகே கொண்டுபோனான். கண்கள் சுருங்கின.

"இந்த வாரம் சோப்பை மாத்தினியா?"

நோரீன் எழுந்து கார் சாவியை எடுத்தாள்.