அப்பாவுக்கு ஒரு துவக்கு

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய வருத்தம் ஒன்று வந்தால், வந்தவரைத் தவிர வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். அமிர்தநாதர் வீட்டிலும் அதுதான் நடந்தது. அவருடைய கணையத்தில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிக் கத்தி வைத்தும் பயனில்லை என்று வைத்தியர் சொன்னபோது, பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தவள் மகள் றஜிதா.

"வயித்துக்குள்ளை புண்ணாம் அப்பா. மாறக் கொஞ்சக் காலம் எடுக்குமாம்" என்று தமிழில் சொன்னாள்.

ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து வங்கி, வைத்தியசாலை, குடிவரவு அலுவலகம் என்று தாய் தகப்பனுக்காகக் கதைத்தே வளர்ந்த பிள்ளை அவள். இல்லாத ஒன்றைச் சொன்னது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் தாயிடமும் தம்பி றிச்சர்டிடமும் உண்மையைச் சொன்னாள். தாய் குளியலறைக்குள் போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அவருக்குத் தெரிஞ்சால் அண்டைக்கே பாயிலை விழுந்திடுவார். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்றாள். அதோடு மூன்று பேரும் நடிகர்களானார்கள்.

பொய் சொல்வது ஒரு நிமிட வேலை, அதைக் கட்டிக் காப்பதுதான் பெரும்பாடு. அமிர்தநாதர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனார். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்று உழைத்தவர், அந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும். சால்வையோ சுகமான கதிரையோ கொடுத்தால் நோயாளிக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இனிமேல்தான் வாழப்போகிறவருக்குக் கொடுப்பதாக இருக்க வேண்டும். றஜிதா மண்டையைப் போட்டு உடைத்துக் கடைசியில் வந்து நின்ற இடம் அவளுக்கே அதிர்ச்சிதான்: அதிக தூரம் சுடும் ஒரு துவக்கு.

அப்பாவுக்கு அது ஒரு பைத்தியம். கூட வேலை செய்யும் எங்கள் சனத்து ஆளான லெஸ்லி, ஸ்ரௌவ்வில் ஊருக்கு அப்பால் இருக்கும் சுடும் திடலுக்கு ஒரு கோடையில் கூட்டிக்கொண்டு போனதில் பிடித்தது. ஒரு உயிரையும் சுடமாட்டார். தூரத்தில் கடதாசியில் கீறிய வட்டங்கள்தான் அவருடைய எதிரிகள். உரிமம் எடுத்து வைத்திருந்தாரே தவிர, சொந்தத் துவக்கு இல்லை. லெஸ்லியுடையதை இரவல் வாங்கிச் சுடுவார்.

சொந்தமாக ஒன்று இல்லாததற்குக் காரணம் றஜிதாதான். மன்னாரில் அவள் சின்னவளாக இருந்தபோது, சப்பாத்துக் காலோடு வீட்டுக்குள் வந்த இராணுவத்தார் துவக்கு முனையால் அவளுடைய போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். "உது இந்த வாசலுக்குள்ளை வந்தால் நான் வெளியாலை போயிடுவன்" என்று ரொறன்ரோவில், வோபர்ன் பகுதி வீட்டில் வைத்து ஒருமுறை சொன்னாள். பிறகு அமிர்தநாதர் துவக்கைப் பற்றி அவளுக்கு முன்னால் கதைத்ததே இல்லை.

அவளிடம் உரிமம் இல்லாதபடியால் லெஸ்லியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அவர் வாங்கி, முறைப்படி அப்பாவின் பெயருக்கு மாற்றிவிடுவதாக ஏற்பாடு. லெஸ்லிக்கும் வயிற்றுப்புண் கதைதான் சொல்லியிருந்தாள். மனிதர் திருவிழாவுக்கு வந்தவர் போல் கடையைச் சுற்றி வந்து, கடைசியில் இரண்டைத் தெரிந்தெடுத்து மேசையில் வைப்பித்தார்.

"பிள்ளை, ஆயிரம் யார் தூரத்துக்குச் சுடுறதுக்கு உந்தப் பாரமானதுதான் சரி. வைச்ச இடத்திலை அசையாமல் நிக்கும். அப்பாவும் எப்பவும் அதைத்தான் சொல்லுவார். ஆனா ஆள் இப்ப நல்லா மெலிஞ்சு போனார். மற்றதெண்டால் லேசு, தூக்க வசதி."

றஜிதா பாரமானதைத் தூக்கிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துவக்கைத் தொடுகிறாள். காலையில் அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததை நினைத்தாள். இதை அவரால் தூக்கவே முடியாது. ஆனால் லேசானதைக் கொடுத்தால், ஏன் இது என்று அவர் யோசிப்பார். யோசித்தால் பிடித்துவிடுவார். அதைவிட, லேசானதை வாங்கினால் அப்பா சாகப்போகிறார் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"பாரமானதையே எடுங்கோ அங்கிள். அப்பா தேறிடுவார்."

"அப்பிடிச் சொல்லு. வாற வருசப் போட்டிக்கு ஆளைப் பதிஞ்சு விடுறன்" என்றார் லெஸ்லி. அவள் காருக்குள் போய் இருந்து, அவர் வரும்வரைக்கும் அழுதாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து வீட்டில் கேக் வெட்டினார்கள். லெஸ்லி நீளப் பெட்டியைக் கொண்டு வந்து அமிர்தநாதரின் முன்னால் வைத்துத் திறந்தார். அமிர்தநாதர் துவக்கைப் பார்த்தார். பிறகு, துவக்கைப் பார்த்ததைவிட அதிக நேரம் றஜிதாவைப் பார்த்தார். இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கப் போனார். அது கொஞ்சம் எழும்பித் திரும்பவும் பெட்டிக்குள் விழுந்தது.

"அவசரமில்லை அண்ணை, உடம்பு தேறட்டும். அதுவரைக்கும் என்ரை வீட்டு அலுமாரியிலை பூட்டி வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு லெஸ்லி சாப்பிடப் போனார். றிச்சர்டும் அவரோடு போனான். தாய் ஏற்கனவே குசினியில்தான் நின்றாள்.

"பிள்ளை, இஞ்சை வந்து இரு."

இருந்தாள்.

"டொக்டர் கதைச்சதிலை பாதி எனக்கு விளங்கினது. முப்பது வருசம் இங்கிலீசுக்குள்ளை நிண்டு வேலை செய்தனான்தானே. ஆனா நீ புண் எண்டு சொன்னாய். சரி, எனக்குத்தான் பிழையா விளங்கியிருக்கு எண்டு விட்டிட்டன். நீ சொன்னதைத்தான் நம்பினன்."

றஜிதா கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"துவக்கு எண்ட சொல்லே உனக்கு ஆகாது. நீயே போய் வாங்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை வைக்கிறாய் எண்டால், வேறை என்னத்தை நான் விளங்கிறது?" என்றார். அவருடைய குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "எவ்வளவு காலம் எண்டு சொன்னவர்?"

இந்தமுறை அவளால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

"பனிக்காலம் காணுறது கஸ்ரமாம் அப்பா."

அவர் சட்டைக் கைநுனியால் துவக்கின் குழாயை மெல்லத் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இருக்கவில்லை. "நல்ல சாமான். பாரமானதாப் பாத்து எடுத்திருக்கிறாய்" என்றார்.

கையில் சூப்புக் கிண்ணத்தோடு தாய் வந்தாள். பல நாள் பழகிய கலகலப்போடு, "உந்தப் பெரிய சாமானை எப்பவாம் சுடப்போறியள்?" என்று கேட்டாள்.

அமிர்தநாதர் நிமிர்ந்து இருந்தார். "வாற கோடைக்கு. லெஸ்லி போட்டிக்குப் பதியப்போறானாம். புண் மாறின கையோடை பழகத் தொடங்கவேணும்."

தாயின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மனுசனுக்கு ஒன்றும் தெரியாது என்ற நிம்மதி. அவர் அதைக் கண்டார். கண்டுவிட்டு மகளிடம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, டொக்டரும் அப்பிடித்தானே சொன்னவர்? கொம்மாவுக்குச் சொல்லு."

"ஓம் அம்மா" என்றாள் றஜிதா. "அப்பிடித்தான் சொன்னவர்."